பழைய யாழ்ப்பாணத்தில் ஒரு பேய் ஆட்டம்: எந்த ரோல்பிளே பொருந்தும்?

கொக்குவில்கீப்பர் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை இரவில் எங்கள் வீட்டு விறாந்தையில் ஐந்து பேர் கூடி ரோல்பிளே விளையாடுகிறோம்: ஆளுக்கொரு பாத்திரமாகி, டைஸ் உருட்டி, சேர்ந்து கதை சொல்லும் ஆட்டம். அம்மா இதற்கு வைத்த பெயர் தாயம். "இன்றைக்கும் தாயமோ?" என்று கேட்டுவிட்டு ஐந்து பேருக்கும் சேர்த்துப் புட்டு அவிப்பார். போன வருடம் முழுக்க டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்தான். வாளும் டிராகனும் அலுத்துப்போய், இப்போது எல்லாருக்கும் பயம் வேண்டுமாம். அதுவும் பழைய காலத்துப் பயம், நம்முடைய ஊரிலேயே.

முதலில் கோல் ஒஃப் கதுலு எடுத்தேன். வரலாற்றுத் திகில் என்றால் எல்லாரும் முதலில் கைகாட்டுவது அதைத்தானே. கேயோசியம் 1981இல் வெளியிட்டது, இப்போது ஓடுவது 7ஆம் பதிப்பு. ஆரம்ப விதிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. கூடவே "த ஹோன்ரிங்" என்று ஒரு கதையும் இருக்கிறது: 1920களில் பொஸ்டனில் ஒரு வீடு, குடியிருக்கப் போனவர்களுக்கு விபரீதம், போய் விசாரியுங்கள் என்கிறார் வீட்டுக்காரர். நான் பொஸ்டனை வெட்டிவிட்டு வண்ணார்பண்ணை என்று எழுதினேன். வருடம் 1926. மலாயாவில் ரயில்வேக் கிளாக்கராக இருந்து பென்சனோடு திரும்பியவர் கட்டிய நாற்சார் வீடு. நடுவில் முற்றம், பின் வளவில் கிணறு, பூட்டிய ஒரு அறை.

நன்றாக வந்ததை முதலில் சொல்கிறேன். கதுலு ஆட்டத்தில் துண்டுக் காகிதங்கள் கொடுப்பது ஒரு மரபு: பழைய கடிதம், பத்திரிகைச் செய்தி, டயறிப் பக்கம். நூலகம் இணையத்தளத்தில் பழைய யாழ்ப்பாணப் பத்திரிகைகளைத் திறந்து வைத்துக்கொண்டு, அந்த நடையில் ஒரு செய்தி எழுதினேன். "மேற்படி வீட்டிற் குடியிருந்தோர் இராக்காலத்தில்..." என்று தொடங்கும். தேயிலைச் சாயத்தில் தோய்த்து வெயிலில் காயவைத்தேன். மேசையில் போட்டதும் ஐந்து பேரும் போனைக் கீழே வைத்தார்கள். ஒரு வருடமாக எந்த டிராகனாலும் செய்ய முடியாத காரியம்.

அதற்குப் பிறகுதான் உதைத்தது. அந்த வீட்டின் கதை தெரிய வேண்டுமானால் நூலகத்தில் தேட வேண்டும். அந்தத் திறன் எல்லாருக்கும் நூற்றுக்கு 20இல் தொடங்கும், தொழிலைப் பார்த்துக் கூட்டிக்கொள்ளலாம். முதல் சிக்கல், 1926இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் இன்னும் தொடங்கவே இல்லை. அது 1933இல் ஒரு தனிமனிதரின் வீட்டில் தொடங்கியது. சரி, கச்சேரிக்கும் (அரச அலுவலகம்) நொத்தாரிசிடமும் போய் உறுதி (காணிப் பத்திரம்) பாருங்கள் என்றேன். டைஸ் உருட்டி ரோல் போட்டார்கள், தோற்றது. இன்னொருவர் போட்டார், அதுவும் தோற்றது. இருபது நிமிடம் கதை அப்படியே நின்றது. "யாழ்ப்பாணத்தில் பிறந்தவனுக்கு உறுதி வாசிக்கத் தெரியாதா? காணிச் சண்டையோடுதானே வளர்ந்தோம்" என்று ஒருவன் கத்தினான். நியாயம்தான்.

அந்த இருபது நிமிடத்துக்குள்தான் ஒருத்தி விதிப் பக்கத்தின் அடியைப் பார்த்து "1981" என்று சத்தமாக வாசித்தாள். நூலகத்தில் தேடாமல் ஒரு அடி நகராத ஆட்டம் பிறந்த அதே வருடம், ஜூன் தொடங்கும்போதுதான் இங்கே பொது நூலகத்தில் 97,000 புத்தகங்கள் எரிந்தன. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நான் தேத்தண்ணி ஊற்றப் போனேன்.

இரண்டாவது உதை, புத்தித் தெளிவுப் புள்ளி. விதியாகப் பார்த்தால் அருமையான விதி. பயங்கரத்தைக் கண்டு ஒரே தடவையில் 5 புள்ளி போனால் அறிவுக்கு ஒரு ரோல் போட வேண்டும். அதில் வென்றால்தான் பைத்தியம் பிடிக்கும். தோற்றால், கண்டது என்னவென்றே மனத்துக்கு விளங்கவில்லை, தப்பினாய். இதை யோசித்த ஆளுக்குக் கை கொடுக்க வேண்டும். ஆனால் பைத்தியம் எப்படி வெளிப்படும் என்பதற்கு ஒரு அட்டவணை இருக்கிறது, பத்துப் பக்க டைஸ் உருட்டிப் பார்ப்பது. மூன்று பேர் சிரித்தார்கள், ஒருவர் சிரிக்கவில்லை. எங்கள் வயதில் இங்கே அநேகமாக எல்லார் வீட்டிலும் அப்படி ஒரு சித்தப்பாவோ மாமியோ இருக்கிறார்கள். அந்த அட்டவணையை மூடி வைத்துவிட்டேன்.

ஆகவே கேள்வி. ட்ரெயில் ஒஃப் கதுலு, வேசன், கதுலு டார்க் மூன்றையும் வாசித்துக்கொண்டிருக்கிறேன். வேசன் புத்தகமாகவே கையில் இருக்கிறது. மூன்று மாதம் பார்சல் எங்கெங்கோ கிடந்து, ஒரு மூலை நசுங்கி வந்து சேர்ந்தது. இவற்றை நடத்தியவர்கள் சொல்லுங்கள், எது எங்களுக்குச் சரிவரும்? அப்புறம், எந்த வருடத்தில் வைப்பது? 1658இல் ஒல்லாந்தர் கோட்டையை முற்றுகையிட்டபோது உள்ளே அகப்பட்ட ஐந்து பேர் என்று ஒரு யோசனை இருக்கிறது. மூன்று மாதத்துக்கு மேல் முற்றுகை, பசி, நோய், சுவருக்குள் ஏதோ ஒன்று. ஆசையாக இருக்கிறது, ஆனால் ஏனோ கை வருகிறதில்லை.

---

பனிக்கால_யாழ்ப்பாணி எழுதியது:

தம்பி, ரொறொன்ரோவிலிருந்து எழுதுகிறேன். பதினைந்து வருடமாகக் கீப்பர் வேலை, அதாவது மேசையில் கதையை நடத்துகிற வேலை. இரண்டு பனிக்காலம் மாஸ்க்ஸ் ஒஃப் நயார்லதொத்தெப் நடத்தி முடித்தவன். அது 1984இல் வந்த நெடுங்கதை. 1925இல் நியூயோர்க்கில் தொடங்கி லண்டன், கெய்ரோ, கென்யா, ஷங்காய் என்று போகும். கெய்ரோவில் எங்கள் ஆட்களில் மூன்று பேர் போய்ச் சேர்ந்தார்கள்.

முதலில் உம்மில் ஒரு பிழை. கதை நகரத் தேவையான குறிப்பை ரோலுக்குப் பின்னால் ஒளிக்கக் கூடாது. 7ஆம் பதிப்பில் தோற்ற ரோலைத் தள்ளிப் போடலாம். இன்னொரு முயற்சி, ஆனால் அதிலும் தோற்றால் பெரிய விலை. நொத்தாரிசின் மேசையை இரவில் உடைத்துப் பார்க்கலாம், அகப்பட்டால் பொலிஸ். அந்த இருபது நிமிடம் நல்ல காட்சியாகியிருக்கும்.

இருந்தாலும் உம்முடைய ஆட்கள் கத்திய நியாயத்துக்காகவே எழுதிய ஆட்டம் ட்ரெயில் ஒஃப் கதுலு. கென்னத் ஹைட் எழுதி 2008இல் பெல்கிரேன் பிரஸ் வெளியிட்டது. அடியில் ஓடுவது ரொபின் லோஸின் கம்ஷூ முறை. சரியான இடத்தில் நின்று, சரியான திறன் உம்மிடம் இருந்தால், முக்கியக் குறிப்பு கையில் வந்துவிடும். டைஸ் கிடையாது. உறுதி வாசிக்கத் தெரிந்தவன் உறுதியை வாசிப்பான், அவ்வளவுதான். கூடுதலாக ஏதும் அறிய வேண்டுமானால் புள்ளி செலவழிக்க வேண்டும். ஓடுவது, அடிபடுவது, ஒளிவது போன்றவற்றுக்கு மட்டும் ஒரு ஆறு பக்க டைஸ். ஆட்டத்தின் கேள்வியே மாறிவிடுகிறது பாரும்: குறிப்புக் கிடைக்குமா என்று யாரும் பதறுவதில்லை, கிடைத்ததை வைத்து என்ன செய்வது என்றுதான் பதறுவார்கள்.

இன்னொன்று, மனநிலையை அது இரண்டாகப் பிரிக்கிறது. இன்றைக்கு நடுங்கியது ஒரு கணக்கு, உலகத்தைப் பற்றிய நம்பிக்கையே இடிந்துபோவது வேறு கணக்கு. செத்த உடலைக் கண்டவன் ஒரு கிழமையில் தேறுவான். இரண்டாவது தேறாது. உமது மேசைக்கு இந்தப் பிரிவு உதவும் என்று நினைக்கிறேன்.

குறை என்னவென்றால், புள்ளிச் செலவு சில நேரம் கூட்டுறவுக்கடைக் கணக்குக் கொப்பி மாதிரி ஆகிவிடும். டைஸ் உருளும் சத்தத்தில் இருக்கும் பயம் இதில் பாதிதான். காலமும் 1930கள்.

கோட்டை பற்றி. 1997இல் ரெயித் என்ற ஆட்டத்துக்கு யூத இனப்படுகொலையைப் பற்றி ஒரு துணைநூல் வந்தது, சார்னல் ஹவுசஸ் ஒஃப் யூரோப். கவனமாக, மரியாதையாக எழுதிய புத்தகம். என் அலுமாரியில் இருக்கிறது. இரண்டு தடவை முழுதாக வாசித்தேன், ஒரு தடவைகூட விளையாடவில்லை.

---

வரலாறு_ரீச்சர் எழுதியது:

நான் விளையாடுபவள் இல்லை. என் மகன் விளையாடுகிறான், அவன்தான் இதைக் காட்டினான். வரலாறு படிப்பிப்பதால் இரண்டு விஷயம் சொல்லலாம் என்று வந்தேன்.

கோட்டை ஏன் கை வருகிறதில்லை என்று கேட்டிருந்தீர்கள். ஒல்லாந்தர் முற்றுகையைப் படிப்பித்துவிட்டு, வீட்டில் போய்ப் பெரியவர்களிடம் கோட்டை முற்றுகை பற்றிக் கேட்டு எழுதி வாருங்கள் என்று ஒருமுறை பிள்ளைகளை அனுப்பினேன். பெரும்பாலான கொப்பிகளில் 1990இல் போரின்போது நடந்த முற்றுகைதான் வந்திருந்தது. ஒல்லாந்தர் 1706இல் கட்டிய தேவாலயமும் அந்தச் சண்டையில்தான் போனது. 360 வருடம் தூரம் என்று நீங்கள் நினைக்கிற இடம், பஸ்ஸில் போகும்போது யன்னலில் தெரிகிற இடம்.

இரண்டாவது, உங்கள் 1926 வீடு. கதை நன்றாக இருக்கிறது. ஒரு கேள்வி மட்டும். உங்கள் ஐந்து துப்பறிவாளர்களும் எந்தக் கிணற்றில் தண்ணீர் அள்ளினார்கள்?

பகிடிக்குக் கேட்கவில்லை. 1924இல் தொடங்கிய வாலிபர் காங்கிரஸ் தீண்டாமைக்கு எதிராகப் பேசிக்கொண்டிருந்த காலம் அது. 1927 நவம்பரில் காந்தி யாழ்ப்பாணம் வந்தபோதும் அதைப் பேசினார். பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் இருக்கலாமா, ஒன்றாகச் சாப்பிடலாமா என்பதற்கு 1920களின் முடிவில் பெரிய சண்டையே நடந்தது. மாவிட்டபுரத்தில் கோயில் கதவுக்கு முன்னால் போராட்டம் நடந்தது அதற்கும் வெகு காலத்துக்குப் பிறகு, 1968இல். வண்ணார்பண்ணை நாற்சார் வீட்டின் திண்ணை வரை யார் வரலாம், உள் அறை வரை யார் வரலாம், படலைக்கு வெளியே நின்று குரல் கொடுக்க வேண்டியவர் யார் என்பதெல்லாம் ஊரறிந்த சட்டமாக இருந்தது. உங்கள் கதையில் ஐந்து பேரும் நேரே பூட்டிய அறைக்குப் போய்விட்டார்கள்.

மகன் ஹாலெம் அன்பவுண்ட் என்று ஒரு புத்தகம் காட்டினான். கிறிஸ் ஸ்பைவி என்ற கறுப்பின எழுத்தாளர் 2017இல் கொண்டுவந்தது. அதே கதுலு ஆட்டத்தை 1920களின் நியூயோர்க் ஹாலெமில், கறுப்பின மக்களின் பக்கத்திலிருந்து விளையாடுவது. அந்த ஆட்டத்துக்கு அடிப்படையான கதைகளை எழுதிய லவ்கிராஃப்ற் வேற்றினத்தாரைக் கண்டாலே அருவருத்தவராம். அவருடைய பூதங்களை வைத்துக்கொண்டே, அக்கால இனவெறியையும் மேசையில் வைக்கிறது அந்தப் புத்தகம். எனக்கு விதிகள் விளங்கவில்லை. ஆனால் அந்த அத்தியாயங்களை வாசித்தபோது இதை நம் ஊருக்கு யாராவது செய்யலாமே என்று தோன்றியது.

இன்னொரு காலமும் யோசியுங்கள். மானிப்பாயில் சாமுவேல் கிரீன் என்ற அமெரிக்க மிஷன் வைத்தியர் 1840களின் முடிவிலிருந்து இருபது வருடத்துக்கு மேல் தமிழில் மேற்கத்திய மருத்துவம் படிப்பித்தார். மனுஷ அங்காதிபாதம், இரணவைத்தியம் என்றெல்லாம் தமிழில் பாடநூல்கள் வந்தன. உடலை அறுத்துப் படிப்பதை ஊர் எப்படிப் பார்த்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். பேயே தேவையில்லை.

---

மூன்றாம்_கதிரை எழுதியது:

நான் கொக்குவில் அண்ணாவின் மேசையில் இருக்கிற ஆள். உறுதி பற்றிக் கத்தினது நான்தான், மறுக்கவில்லை.

அண்ணா சொல்லாமல் விட்டது: அன்றைக்கு எங்களைப் பயப்படுத்தியது அறைக்குள் தானாக அசைந்த கட்டில் இல்லை. அது நடந்தபோது நான் இரண்டாம் தரம் புட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் அதற்கு முன்னால், அந்த வீட்டுப் படலையைத் திறந்தபோது "வளவுக்குள் காகம் ஒன்றுகூட இல்லை" என்று அண்ணா சொன்னார். அவ்வளவுதான். அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது சைக்கிளை மெயின் றோட்டால் விட்டேன்.

நான் டென் கான்டில்ஸ் விளையாடலாம் என்று ஒற்றைக் காலில் நிற்கிறேன். 2015இல் வந்தது. பத்து மெழுகுதிரி கொளுத்தி வைத்து, ஒவ்வொன்றாக அணைய அணைய இருட்டுவது, கடைசியில் எல்லாரும் சாவது நிச்சயம். தற்செயலாக அணைந்தாலும் அணைந்ததுதான், அந்தக் காட்சி முடிந்தது. அண்ணா மாட்டேன் என்கிறார். விறாந்தையில், சோளகம் அடிக்கிற மாதத்தில், பத்து நிமிடத்தில் எல்லாரும் செத்துவிடுவோமாம்.

---

வாவிக்கரை எழுதியது:

மட்டக்களப்பிலிருந்து. வேசன் இரண்டு வருடமாக நடத்துகிறேன், ஆகவே அதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

சுவீடன்காரர்களின் ஆட்டம், ஃப்ரீ லீக் 2020இல் கொண்டுவந்தது. 19ஆம் நூற்றாண்டு வட ஐரோப்பா, வருடத்தைக் குறிப்பாகச் சொல்லாது. காட்டிலும் வீட்டிலும் ஆற்றிலும் கண்ணுக்குத் தெரியாத பழைய உருக்கள் இருக்கின்றன. மனக்காயம் பட்ட சிலருக்கு மட்டும் அவை தெரியும். நீங்கள் அந்தச் சிலர். டைஸ் சுலபம்: குணமும் திறனும் கூட்டி அத்தனை ஆறு பக்க டைஸ், ஒரு 6 விழுந்தால் வெற்றி. விழாவிட்டால் மறுபடி உருட்டலாம், ஆனால் ஒரு பாதிப்பை ஏற்க வேண்டும்: களைப்பு, அடி, காயம், அல்லது கோபம், பயம், நம்பிக்கையிழப்பு. கொக்குவில், உங்கள் பைத்திய அட்டவணைப் பிரச்சினைக்கு இது மருந்து. "எனக்கு நம்பிக்கை போய்விட்டது" என்று ஒரு பெட்டியில் அடையாளம் போடுவதைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை.

எனக்கு இதில் பிடித்தது, எந்த உருவையும் சுட்டுக் கொல்ல முடியாது. அது ஏன் வந்தது, யார் என்ன பிழை விட்டார்கள், எந்தச் சடங்கால் அடங்கும் என்று கண்டுபிடித்தே ஆக வேண்டும். கதுலுவில் அந்தப் பூதத்துக்கு உன்னைத் தெரியவே தெரியாது. வேசனில் அதற்கு உன்னோடு ஒரு வழக்கு இருக்கிறது. நம் பேய்கள் எல்லாம் வழக்குள்ள பேய்கள்தானே. பிள்ளைப்பேற்று வீட்டுக்கு வரும் கொத்தி சும்மா போகிறவளா? அவளுக்கு என்ன வேண்டும், என்ன கொடுத்து அனுப்புவது என்று மருத்துவிச்சிக்குத் தெரியும். அது அப்படியே வேசன் கதை.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு எடுத்து வைக்காதீர்கள். அந்தப் புத்தகத்தின் அடித்தளம் மறதி: ரயிலும் தொழிற்சாலையும் வந்தன, சனம் நகரத்துக்குப் போனது, பழைய உருக்களுக்குப் பால் வைக்க ஆளில்லை, அதனால் அவை கெட்டுப்போயின. நம்மிடம் இந்தக் கதை ஓடாது. காங்கேசன்துறை வரை ரயில் வந்து நூறு வருடத்துக்கு மேலாகிறது, முற்றவெளி முனியப்பருக்கு இன்றைக்கும் கற்பூரம் எரிகிறது. மறக்கப்பட்ட தெய்வம் என்று நீங்கள் மேசையில் ஒன்றைச் சொன்னால், உங்கள் ஆட்களில் ஒருவருக்கு அது குலதெய்வமாக இருக்கும். வைரவரையும் முனியையும் அண்ணமாரையும் பூதமாக்க வேண்டாம். அது மரியாதைக்கேடு என்பது ஒருபக்கம், ஆட்டமாகவும் அது சப்பென்று போய்விடும். நான் ஒருமுறை செய்து பார்த்தேன். நடுவில் ஒருவர் எழும்பிப் போய்க் கைகால் கழுவிவிட்டு வந்தார்.

மறதிக்குப் பதில் நான் வைக்கிறது நேர்த்தி. வைத்த நேர்த்தியை நிறைவேற்றாமல் விட்ட குடும்பம். தெய்வத்துக்குக் கோபம் இல்லை, அது காத்துக்கொண்டிருக்கிறது. இடையில் வேறொன்று அந்தக் கடனைத் தன் கடன் என்று வந்து கேட்கிறது. அதற்குமேல் நீங்களே எழுதலாம்.

---

கொக்குவில்கீப்பர் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. இரண்டு கிழமை சத்தம் இல்லாமல் இருந்ததற்குக் காரணம் எழுதிக்கொண்டிருந்தேன். நேற்று விளையாடி முடித்தோம்.

வேசன் டைஸும் அதன் பாதிப்புப் பெட்டிகளும் எடுத்தேன். பனிக்கால அண்ணா சொன்ன குறிப்பு விதியையும் சேர்த்துக்கொண்டேன்: உறுதி வாசிக்கத் தெரிந்தால் வாசிக்கலாம், டைஸ் இல்லை. கதுலு டார்க்கை விட்டுவிட்டேன். வாசிக்க மிகவும் பிடித்தது. கிரஹாம் வாம்ஸ்லியின் ஆட்டம், விதி இரண்டு மூன்று பக்கத்தில் முடிந்துவிடும், பூதத்தோடு சண்டைக்குப் போனால் டைஸே இல்லாமல் சாவு. ஆனால் எங்கள் ஆட்களுக்குக் கை நிறைய டைஸ் உருட்ட வேண்டும், அதுவும் ஒரு சந்தோசம்.

வருடம் 1905. கொழும்பிலிருந்து காங்கேசன்துறை வரை ரயில் ஓடத் தொடங்கிய வருடம், வாலிபர்கள் மலாயாவுக்குக் கப்பல் ஏறிக்கொண்டிருந்த காலம். ஆளை உருவாக்கும் தாளில் பெயர், தொழிலுக்கு அடுத்த வரியாக ரீச்சரின் கேள்வியை அப்படியே அச்சடித்தேன்: எந்தக் கிணற்றில் தண்ணீர் அள்ளுகிறாய்? பேனையோடு ஐந்து பேரும் நெடுநேரம் இருந்தார்கள். ஒருத்தி "யாராவது ஊற்றினால் குடிப்பேன்" என்று எழுதினாள். அந்த ஒரு வரி இரவு முழுக்க ஆட்டத்தை ஓட்டியது. விசாரணைக்குப் போன வீட்டில் மற்ற நால்வரும் திண்ணையில் கதைத்துக்கொண்டிருக்க, அவள் வளவுக்கு வெளியே நின்றாள். ஆனால் வேலி ஓரம் வந்துபோகிறதை அங்கிருந்துதான் பார்க்க முடிந்தது. மற்ற நால்வருக்கும் கடைசி வரை அது கண்ணில் படவில்லை.

கதை என்னவென்றால், ஒரு வளவுக் கிணறு திடீரென்று உவர்த்துப்போகிறது. சுண்ணாம்புக்கல் நிலத்தில் அது நடக்கக்கூடியதுதான். நிலாவரைக்குப் பள்ளிக்கூடச் சுற்றுலா போனவர்கள் எல்லாருக்கும் மேலே நன்னீர், ஆழத்தில் உப்புநீர் என்று தெரியும். ஆகவே முதல் ஒரு மணி நேரம் யாரும் பேயை நினைக்கவே இல்லை. துலா மிதித்த ஒருவன் இரவில் காணாமல் போன பிறகுதான் உறுதியைத் தூக்கினார்கள். உறுதியில் நாலு பரப்பு ஒருவருடைய பெயரில், கிணற்றுப் பங்கு இன்னொரு குடும்பத்தின் பெயரில். அந்தக் குடும்பம் பிள்ளைக்கு வருத்தம் வந்தபோது ஒரு நேர்த்தி வைத்தது. பிள்ளை பிழைத்தது. நேர்த்தி அப்படியே கிடந்தது.

வாவிக்கரை சொன்னபடி தெய்வத்தைத் தொடவில்லை. கடனைக் கேட்டு வந்தது வேறொன்று. அது என்னவென்று நான் பெயர் வைக்கவில்லை, அவர்களும் கேட்கவில்லை.

பத்தரைக்கு முடிந்திருக்க வேண்டும். ஐந்து பேரும் சேர்ந்து காசு போட்டுப் பொங்கல் பொங்கி, நேர்த்தியை நிறைவேற்றுவதாகச் சொன்னார்கள். டைஸ் உருட்டினார்கள், மூன்று 6. எல்லாரும் கைதட்டினார்கள். நான் சரி, கிணறு இனித்தது என்று சொல்ல வாயெடுத்தேன்.

அடுக்களை வாசலில் நின்ற அம்மா, "அவர்கள் வைத்த நேர்த்தியை அவர்கள்தானே செய்ய வேண்டும்? நீங்கள் செய்தால் அது எப்படிச் செல்லும்?" என்றார்.

மேசையில் ஒருவரும் மூச்சு விடவில்லை. புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன், அதற்கு எதிராக ஒரு விதியும் இல்லை. அம்மா சொன்னது சரி. ஆகவே கிணறு இன்னும் உவர்தான். துலா மிதித்தவனும் வரவில்லை. அந்தக் குடும்பம் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு கோலாலம்பூர் போய்விட்டது என்று அப்போதே அந்த இடத்தில் வைத்துவிட்டேன். மூன்றாம் கதிரை அடுத்த வெள்ளி தான் கப்பல் ஏறுவதாகச் சொல்கிறான். வெளியே நின்ற அவள், தன்னை எந்தத் தட்டில் ஏற்றுவார்கள் என்று கேட்கிறாள்.

1905இல் இங்கிருந்து மலாயாவுக்கு எந்த வழியால் போனார்கள், எத்தனை நாள் எடுத்தது, யாராவது தாத்தாவின் கடிதம், டயறி வைத்திருக்கிறீர்களா? துண்டுக் காகிதம் செய்ய வேண்டும். தேயிலைச் சாயம் தயார்.